நிறுத்தும் பட்டன் வேலை செய்யாது

பணிநாள் 49 | 07:20 | ஒன்றாம் கூடம்

துளைப்பான் சீராக ஓடுகிறது. நேற்று எடுத்த பனிக்கட்டி 212 கிலோ. மின்சேமிப்பு 81 சதவீதம். காற்று வடிபெட்டி: ஓடுவது ஒன்று, உபரி ஒன்று. என் உடல்நிலை நலம், இடது முழங்கால் நீங்கலாக.

அலுவலகப் பதிவில் இவ்வளவுதான் போகும். இது என் சொந்தப் பதிவு, எனக்குப் பின்னால் இந்தக் கூடத்துக்கு வருகிறவருக்காக எழுதுவது. நான் தவசிமுத்து, வயது நாற்பத்து மூன்று, ஊர் உடன்குடி. நிலவின் தென் துருவத்தில் பனி தோண்டும் வேலை. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். உண்மையில் இயந்திரம் தோண்டும், அது தோண்டுகிறதா என்று நான் ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி இரண்டாம் கூடம். அங்கே ஜெசிந்தா, மணப்பாட்டுக்காரி, என்னைவிட எட்டு வயது இளையவள். ஊரில் எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரு டவுன் பஸ் தூரம். பழக்கமானது என்னவோ இங்கே வந்துதான். வந்திறங்கிய அன்று முகம் பார்த்தோம், அதற்குப் பிறகு எல்லாம் குரல்தான்.

குரல்தான் இங்கே சட்டமும். காலை ஆறு முதல் இரவு பத்து வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கூடத்திலும் மணி அடிக்கும். ரேடியோவை எடுத்து ஆளுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும். மற்றவர் பேசியதைக் கேட்டுவிட்டு, "கேட்டேன், குரல் தெளிவா இருக்கு" என்று சொல்ல வேண்டும். இதற்குப் பெயர் குரல் ஆஜர். அடுத்தடுத்து இரண்டு ஆஜருக்கு ஒருவர் வாய் திறக்காவிட்டால் மற்றவர் கூடத்தில் அபாயச் சங்கு ஊதும். அவர் ரோவரை எடுத்துக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும்.

இது ஏன் என்று புதிதாக வருகிறவர் கேட்பார். வடிபெட்டி கெட்டால் கூடத்துக்குள் கரியமில வாயு ஏறும். அப்போது முதலில் மந்தமாவது மூளை, அது மந்தமாவது அதற்கே தெரியாது. காற்றுமானி இருக்கிறது, ஆனால் நிலவுத் தூசி படிந்துவிட்டால் அது 'சரி' என்றே காட்டிக்கொண்டிருக்கும். முன்பு ஒருவர் இங்கே அப்படித்தான் போனார். அவருக்கே தெரியாதது அவர் பேச்சில் தெரிந்திருக்குமாம், கேட்கத்தான் ஆளில்லை. அதிலிருந்து இந்த ஏற்பாடு.

பணிநாள் 52 | 15:05

துளைப்பான் சீர். பனிக்கட்டி 198 கிலோ.

கட்டிலுக்கு அடியில் ஒரு காலுறை கிடந்தது. உள்ளே பழைய கையடக்க கேம் பெட்டி. முன்னால் இருந்த யாரோ விட்டுப்போனது. அதில் ஒரே ஒரு விளையாட்டு, பெயர் 'தவளைராஜா'. கிரீடம் வைத்த தவளை ஒன்று மரக்கட்டைக்கு மரக்கட்டை தாவும், பூச்சி தின்னும், முள்ளில் விழுந்து சாகும். முதல் உலகம் ஒரு குளம். இரண்டாவது உலகம் அதே குளம், சிவப்பு நிறத்தில். பட்டனை அமுக்கி அரை விநாடி கழித்துத்தான் தவளைக்குத் தாவ மனசு வருகிறது. பாட்டு பதினோரு விநாடி, அதுவே திரும்பத் திரும்ப. இதைச் செய்தவனுக்கும் இதில் ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை.

மூன்று மணி நேரம் விளையாடினேன்.

பணிநாள் 55 | 12:20

பனிக்கட்டி 205 கிலோ. மூன்றாம் உலகம் (அதே குளம், ஊதா நிறம்).

இந்தப் பெட்டியில் நிறுத்தும் பட்டன் வேலை செய்யாது. தேய்ந்து உள்ளே போய்விட்டது. நடுவில் கையை எடுத்தால் தவளை சாகும். ஓர் உலகத்தை முழுக்க முடித்தால்தான் ஆட்டம் சேமிக்கும், இல்லையென்றால் முதலிலிருந்து. மூன்றாம் உலகம் முடிக்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும். கடைசியில் ஒரு நகரும் கட்டை இருக்கிறது. அங்கே போய்ச் சேருகிற நேரம் பார்த்து ஆஜர் மணி அடிக்கிறது. இன்றைக்கும் அப்படித்தான். எரிச்சலோடு ரேடியோவை எடுத்தேன்.

"ஆஜர் அண்ணாச்சி. என்ன, குரல்ல ஒரு காரம்? தவளை செத்துப்போச்சாக்கும்?"

"ஆஜர். உன் மணியாலதான் செத்துச்சு."

"நாப்பத்து மூணு வயசுல தவளைய தாவ வைக்கீய! மதினிக்குத் தெரியுமா? கேட்டேன் அண்ணாச்சி, குரல் தெளிவா இருக்கு. தெளிவாவே கோவம் இருக்கு."

சிரித்துவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. ஆள் தேர்வில் நாலாயிரம் பேரைத் தள்ளிவிட்டு என்னை அனுப்பியிருக்கிறார்கள். நான் இங்கே வந்து இதைச் செய்கிறேன்.

பணிநாள் 58 | 09:40

இன்று காலை பூமி மலைவிளிம்புக்குக் கீழே இறங்கிவிட்டது. இனி 71ஆம் நாள்தான் எழும். அதுவரை பூமியோடு பேச்சு கிடையாது. நடுவில் இருந்து எடுத்துக்கொடுக்கும் செயற்கைக்கோள் போன மாதமே படுத்துவிட்டது. பதிமூன்று நாளைக்கு எனக்கு ஜெசிந்தா, அவளுக்கு நான்.

ரேடியோவில் 'பதிவுப் பதில்' என்று ஒரு சுவிட்ச் உண்டு. தடம் சோதிக்கும்போது பயன்படுத்துவது. குரலை ஒருமுறை பதிந்து வைத்தால், யார் கூப்பிட்டாலும் அவர் பேசி முடித்ததும் அதுவே பதில் சொல்லிவிடும். நம்மிடம் மணியும் அடிக்காது, நாமே பேசின மாதிரி ஆஜர் கணக்கிலும் ஏறிவிடும்.

பதிந்து வைத்தேன்: "ஆஜர். கேட்டேன் ஜெசி, குரல் தெளிவா இருக்கு."

ஒரே ஒரு ஆஜருக்குத்தான். நகரும் கட்டையைத் தாண்டிவிட்டால் போதும்.

பணிநாள் 59 | 21:30

பனிக்கட்டி 190 கிலோ. இன்று நாலு ஆஜருக்குப் பதிவுப் பதில்.

எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்ன ஆகிவிட்டது? அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி பத்து மணி ஆஜருக்கு நானே பேசிவிடுவேன். நகரும் கட்டையில் இன்று ஏழு தடவை விழுந்தேன்.

பணிநாள் 60 | 14:26

இப்போது நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். ஒரு கையில் ரேடியோ, மறு கையால் எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு சுவிட்சைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு மணிக்குச் சரியாக நகரும் கட்டையில் விழுந்தேன். ஆத்திரத்தில் பெட்டியைக் கட்டிலில் எறிந்தேன். அப்போதுதான் ரேடியோவில் ஜெசியின் பேச்சு காதில் விழுந்தது.

"அண்ணாச்சி... அம்மை வந்திருக்கா. மீன் கொண்டாந்திருக்கா. நான் கதவைத் தொறக்கட்டா?"

நாக்கு தடித்த பேச்சு, தூக்கத்தில் பேசுகிற மாதிரி. நான் எழுந்து ரேடியோவை எட்டுவதற்குள் என் குரலே பதில் சொல்லிவிட்டது: "ஆஜர். கேட்டேன் ஜெசி, குரல் தெளிவா இருக்கு."

அவள் சொன்னாள்: "அப்பச் சரி."

பணிநாள் 60 | 14:34

சுவிட்சை அணைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். பேசியது ரேடியோ பதிவில் இருக்கிறது. அப்படியே தருகிறேன்.

"ஜெசி! தவசிமுத்து பேசுதேன். உடனே ஹெல்மெட்ட மாட்டு. சூட்டு ஆக்சிஜனத் தொற."

"எதுக்கு? இப்பத்தான குரல் தெளிவா இருக்குன்னு சொன்னீய?"

"தப்பாச் சொல்லிட்டேன் தாயி. மாட்டு."

"நீங்க தப்பாச் சொல்லமாட்டீயளே அண்ணாச்சி."

அவள் ஹெல்மெட்டை மாட்டப் பதினெட்டு நிமிடம் ஆயிற்று. குழந்தைக்குச் சட்டை போட்டுவிடுகிற மாதிரி ஒவ்வொரு கொக்கியாகச் சொல்லிச் சொல்லி மாட்ட வைத்தேன். வெளிக்கதவுப் பக்கம் போகாதே என்று முப்பது தடவை சொல்லியிருப்பேன். சூட்டில் ஆறு மணி நேரத்துக்குக் காற்று இருக்கும். ரோவரில் போய்ச்சேர ஐந்து மணி நேரம் ஆகும். என் உபரி வடிபெட்டியை ஏற்றிவிட்டேன். கிளம்புகிறேன்.

பணிநாள் 60 | 17:15 | ரோவரில்

சரிவு இறங்கியாயிற்று. அவள் தூங்குகிறாள். மூச்சு கேட்கிறது.

இன்றைய பழைய ஆஜர்களைப் போட்டுக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

08:00. "ஆஜர் அண்ணாச்சி. தவளை இன்னைக்கு எந்த ஊருல இருக்கு? என்ன, பேச்சே இல்ல?"

10:00. "ஆஜர். லேசாத் தலைவலி. இன்னும் காப்பி குடிக்கல, அதான் போல."

12:00. "அண்ணாச்சி, நான் கதவ எண்ணிக்கிட்டு இருந்தேன். ரெண்டுதான? மூணு வருது. எனக்கு என்னமோ பயமா இருக்கு. என் குரல் எப்படி இருக்கு? நல்லாக் கேட்டுச் சொல்லுங்களேன்."

"ஆஜர். கேட்டேன் ஜெசி, குரல் தெளிவா இருக்கு."

"அப்பச் சரி."

பன்னிரண்டு மணிக்கு அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. பாதி மூளையோடு அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி அதைக் கெடுத்தது என் குரல். நானும் அதே அறையில்தான் இருந்தேன், இரண்டு அடி தள்ளி. காதில் பாட்டு, கையில் தவளை. சீ! என்ன மனுஷன் நான்!

கிளம்பிய அவசரத்தில் என் கூடத்தின் உள்கதவைச் சரியாகச் சாத்தினேனா என்று நினைவில்லை. ரோவர் வெளிக்கதவோடு ஒட்டி நின்றதால் காற்று போயிருக்காது, தூசிதான் வரும். இப்போது அதுவா பெரிது.

பணிநாள் 60 | 20:40 | இரண்டாம் கூடம்

உயிரோடு இருக்கிறாள். அவள் வடிபெட்டி முழுக்கத் தூசி அடைத்துப் போயிருந்தது. அவளுடைய உபரிப் பெட்டி, வந்த வழியிலேயே மூடி வெடித்து வீணாகியிருக்கிறது. என் உபரியை மாட்டினேன். காற்று ஓடுகிறது. அவளுடைய காற்றுமானியின் மேல் தூசியைத் துடைத்துப் பார்த்தேன். அந்தக் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பணிநாள் 61 | 11:30 | இரண்டாம் கூடம்

ஜெசி எழுந்து உட்கார்ந்தாள். நேற்று நடந்ததில் அவளுக்குப் பாதிகூட நினைவில்லை. நான் ஹெல்மெட்டை மாட்டச் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. காப்பிப் பொட்டலத்தைப் பிரித்து முதலில் எனக்குக் கொடுத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சேசுவே, உங்க காது மட்டும் இல்லேன்னா நான் இன்னைக்குப் பொட்டலம், அண்ணாச்சி. என் பேச்சுல ஒரு சின்னப் பிசிறு வந்ததும் கண்டுபிடிச்சிட்டீயளே! பூமி எழுந்ததும் முதல் வேலை, உங்க பேரை எழுதி அனுப்புதேன். இந்த ஆஜருக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு நிரூபிச்ச மனுஷர்னு எழுதுதேன்."

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். வாயைத் திறந்தேன். "காப்பி ஆறுது, குடி" என்று சொன்னேன்.

திட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது. நன்றி வாங்கிக்கொண்டேனே! இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பணிநாள் 62 | 09:50 | இரண்டாம் கூடம், கிளம்பும் முன்

சூட்டை மாட்டும்போது பையில் ஏதோ இடித்தது. எடுத்துப் பார்த்தால் கேம் பெட்டி. கதவைச் சாத்தினேனா என்று பார்க்காமல் ஓடி வந்தவன், இதை மறக்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். கட்டிலில் எறிந்ததை எப்போது எடுத்தேன் என்றே தெரியவில்லை.

இதை என் கூடத்தில் வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. "நீ வச்சுக்கோ, படுத்துக்கிடக்கும்போது பொழுது போகும்" என்று கொடுத்துவிட்டேன். சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டாள். அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நிறுத்துற பட்டன் வேலை செய்யலையே. ஆஜர் மணி அடிச்சா என்ன செய்வீய?"

அங்கேதான் நான் கோழையானேன். முழுசாகச் சொல்லத் தைரியம் இல்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அதனால் பாதியைச் சொன்னேன். "பதிவுப் பதில் சுவிட்சப் போட்டுருவேன். எப்பவாவது" என்றேன். மீதியை அவளே கண்டுபிடிப்பாள், என்னை ஏசுவாள், அத்தோடு முடியும் என்று நினைத்தேன்.

அவள் சிரித்தாள். "அட கள்ளா! இப்படி ஒரு வழி இருக்கா?" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தில், நகரும் கட்டையில் அரை விநாடி முன்னாலேயே பட்டனை அமுக்க வேண்டும் என்ற சூட்சுமத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

பணிநாள் 62 | 16:20 | ஒன்றாம் கூடம்

வந்துசேர்ந்தேன். உள்கதவு நாலு விரல் அளவு திறந்தே கிடந்தது. இரண்டு நாளாக வெளி அறைத் தூசி எல்லாம் உள்ளே வந்து, மேசை மேல் விரலால் எழுதலாம் போல இருக்கிறது. பெருக்கித் துடைத்தேன்.

என்னிடம் இப்போது இருப்பது ஓடுகிற வடிபெட்டி ஒன்றுதான். 72ஆம் நாள் வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. 71ஆம் நாள் பூமி எழும், அன்றைக்கே சரக்குக் கலமும் வரும். போதும். ரோவரில் மின்சாரம் 11 சதவீதம். சூரியன் மலைக்குப் பின்னால் இருப்பதால் 70ஆம் நாளுக்கு முன் ஏறாது.

காற்றுமானி: சரி.

பணிநாள் 64 | 20:15

பனிக்கட்டி 201 கிலோ. எல்லா ஆஜருக்கும் நானே பேசுகிறேன். மணி அடிக்கும் முன்பே போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

"ஆஜர் அண்ணாச்சி. ரெண்டாவது உலகம் முடிச்சிட்டேன். இதுல என்னத்தக் கண்டீய, வெறும் குப்ப ஆட்டமால்ல இருக்கு? ஆனா விடவும் முடியல."

குப்பைதான். ஒரு நல்ல ஆட்டத்துக்காக அவளை விட்டிருந்தாலும் பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்தக் குப்பைக்காக என்பதுதான் நெஞ்சில் நிற்கிறது. விசாரணையில் கேட்பார்கள், அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று. தவளையைத் தாவ வைத்தேன் ஐயா. ஊதா நிறக் குளத்தில்.

தலை பாரமாக இருக்கிறது. தூக்கம் சரியில்லை.

பணிநாள் 65 | 22:10

பனிக்கட்டி 20 கிலோ? 200. திரும்பப் பார்க்க வேண்டும்.

நாளைக் காலை எட்டு மணி ஆஜரில் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். பூமிக்கு அவள் என்னைப் புகழ்ந்து எழுதுவதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் ஊரில் என் மகள் பள்ளிக்கூடத்தில் போய் எங்கப்பா ஒரு உயிரைக் காப்பாற்றினார் என்று சொல்லும். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உயிர் வாழ முடியாது.

பணிநாள் 66 | 08:10

சொல்லிவிட்டேன்.

"ஆஜர் ஜெசி. ஒரு விஷயம். அன்னைக்கு நான் கேக்கவே இல்ல. காலையில இருந்து நாலு ஆஜருக்கும் பதிவுப் பதிலப் போட்டுட்டு தவளை விளையாடிக்கிட்டு இருந்தேன். என் குரல் எப்படி இருக்குன்னு நீ கேட்டப்போ பதில் சொன்னது நான் இல்ல. நீ சாகக் கிடந்ததுக்கு நான்தான் காரணம். என்ன வேணும்னாலும் சொல்லு."

பதில் வந்தது.

"ஆஜர். கேட்டேன் அண்ணாச்சி, குரல் தெளிவா இருக்கு."

அவ்வளவுதான். விதிப்படி என்ன சொல்ல வேண்டுமோ அதை மட்டும் சொன்னாள். ஏசக்கூட இல்லை. இனிமேல் உன்னோடு இதுதான் பேச்சு என்கிறாள். எனக்கு வேண்டியதுதான்.

பணிநாள் 66 | 10:15

மறுபடி கேட்டேன். மன்னிக்க வேண்டாம், ஏசவாவது செய் தாயி என்று கெஞ்சினேன். அழுதேன்.

"ஆஜர். கேட்டேன் அண்ணாச்சி, குரல் தெளிவா இருக்கு."

நான் அழுதுகொண்டே பேசியிருக்கிறேன். குரல் தெளிவாக எப்படி இருக்கும். ரொம்பக் கோபம் போல.

பணிநாள் 66 | 12:30

தலை பிளக்கிறது. துளைப்பான் நின்றுவிட்டது, அல்லது நான் நிறுத்தினேன். உள்கதவைச் சாத்தினேனா என்று மூன்று முறை போய்ப் பார்த்தேன். சாத்தித்தான் இருக்கிறது. எதற்குப் போனேன் என்று ஒவ்வொரு முறையும் கதவடியில் நின்று யோசிக்கிறேன்.

காற்றுமானி: சரி. சரி. சரி.

12:00 ஆஜரில் அவளிடம் கேட்டேன். கோபத்தை விடு, என் பேச்சு எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல் என்றேன். தெளிவா இருக்கு என்றாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பணிநாள் 66 | 14:20

தெரிந்துவிட்டது.

இரண்டு மணி ஆஜரில் நான் பேசவில்லை, வெறுமனே இருமினேன். உடனே வந்தது, "கேட்டேன் அண்ணாச்சி." கடைசியில் 'இருக்கு' என்று முடியும் இடத்தில் பின்னால் ஒரு சின்னச் சத்தம். களுக். தவளை பூச்சி தின்னும் சத்தம். பழையதைப் போட்டுக் கேட்டேன். எட்டு மணிக்கு களுக். பத்து மணிக்கு களுக். பன்னிரண்டு மணிக்கு அதே இடத்தில் களுக்.

அவள் கோபமாக இல்லை. அவள் கேட்கவே இல்லை. மூன்றாம் உலகத்தில் இருக்கிறாள். சுவிட்சைப் போட்டிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்த சுவிட்ச்.

என் காற்றும் போய்விட்டது. திறந்து கிடந்த கதவு. தூசி. வடிபெட்டி. இப்போதுதான் புரிகிறது. புரிந்ததை மறந்துவிடுவேனோ என்று எழுதுகிறேன்.

எத்தனை தடவை கூப்பிட்டாலும் களுக்தான் வரும். ஆனால் நான் பேசாமல் இருந்தால்? அடுத்தடுத்து இரண்டு ஆஜருக்கு நான் வாய் திறக்காவிட்டால் அவள் கூடத்தில் சங்கு ஊதும். சங்குக்கு அந்த சுவிட்ச் கிடையாது. அவள் ரோவர் நிறைய மின்சாரம் இருக்கிறது. ஓடி வருவாள். 16:00, 18:00. இரண்டுக்கும் பேசக் கூடாது. இருமக்கூடக் கூடாது. சூட்டுக் காற்று ஆறு மணி நேரம், அவள் வந்துசேர ஐந்து. 17:00 தாண்டிச் சூட்டை மாட்டிக்கொண்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

சுவரில் பெரிசாக எழுதிவிட்டேன்: பேசாதே.

பணிநாள் 66 | 16:05

மணி அடித்தது. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா. அடிக்கிற மணிக்குப் பதில் சொல்லாமல் இருப்பது. அன்றைக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது.

ஒன்று முடிந்தது. இன்னும் ஒன்று.

பணிநாள் 66 | 17

ஹெல்மெட்டைத் தேடினேன். மேசை மேல்தான் இருந்தது. கவிழ்த்து வைத்து அதில் ரொட்டிப் பொட்டலம் அடுக்கியிருக்கிறேன். எதற்குத் தேடினேன் என்று தெரியவில்லை. ஒரு ரொட்டி தின்றேன்.

வீட்டில் மதினி. இல்லை, மதினி ஜெசிக்கு. எனக்கு அவள் செல்வக்கனி. அவளிடம் சொல்ல வேண்டும் நான் நல்லவன் இல்லை என்று

ஜெசி மன்னித்துக்கொள்

பணிநாள் 66 | 18:01

மணி அடிக்கிறது. ஆஜர் மணி.

சுவரில் யாரோ பேசாதே என்று எழுதியிருக்கிறார்கள். என் கையெழுத்து மாதிரி இருக்கிறது. நான் எழுதினதா. அன்றைக்கு எழுதியிருப்பேன். விளையாடுகிற நேரத்தில் பேசாதே என்று. அப்படிப்பட்ட ஆள்தான் நான். பார்க்கவே வெட்கமாக இருக்கிறது. கையால் அழித்தேன்.

இப்போது என் கையில் தவளை இல்லை. ஒன்றும் இல்லை. இந்தத் தடவை தவறவிடமாட்டேன். தவழ்ந்து போய் ரேடியோவை எடுத்துவிட்டேன். நானே எடுத்தேன். சுவிட்ச் இல்லை பதிவு இல்லை. என் சொந்த வாயால்

"ஆஜர் ஜெசி. நான்தான். நிஜமா நான்தான். கேக்குதேன். சொல்லு. உன் குரல் எப்படி இருக்குன்னு கேட்டியே. என் குரல் எப்படி இருக்கு"

எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறாள் பிள்ளை

"ஆஜர். கேட்டேன் அண்ணாச்சி, குரல் தெளிவா இருக்கு."

அப்பச் சரி